குரலை மீண்டும் கற்ற பாடகி

நுழையும் முன்

பாத்திரங்கள் தாம் பேச வேண்டியதைப் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகத்தை ஐரோப்பியர் ஆப்பெரா என்பர். ஊரில் தெருக்கூத்தையோ பழைய இசை நாடகங்களையோ கண்ட தாத்தா பாட்டியர் வீட்டில் இருந்தால், பாடியே கதை நடத்துவது எப்படி என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆப்பெராவில் மேடைக்கு முன்னே வயலின், குழல், முரசு முதலியவற்றுடன் பெரிய வாத்தியக்குழு அமர்ந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இல்லை. அத்தனை கருவிகளின் ஒலியையும் தாண்டி, அரங்கின் கடைசி இருக்கை வரை ஒருவர் தம் தொண்டை ஒன்றைக் கொண்டே பாட வேண்டும். பெண்களின் குரல்வகைகளுள் மிக உயர்ந்த தாயியில் பாடுவது சோப்ரானோ எனப்படும். அத்தகைய சோப்ரானோ ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

1841-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில், ஸ்வீடன் நாட்டின் தலைநகரமாகிய ஸ்டாக்ஹோமிலிருந்து இருபது வயதுப் பெண் ஒருவர் பாரிஸ் நகரத்துக்கு வந்தார். அவர் பெயர் ஜென்னி லிண்ட். தம் நாட்டில் அவர் அதற்குள் புகழ்பெற்ற பாடகி. அரசவைப் பாடகி என்னும் பட்டமும் பெற்றவர். ஆயினும், அக்காலத்தில் பாட்டுக் கற்பிப்பதில் ஈடிணையற்றவர் எனப்பட்ட மானுவேல் கார்சியாவிடம் மாணவியாகச் சேர விரும்பினார். கார்சியா அவரைப் பாடச் சொன்னார். ஜென்னி, தாம் பலமுறை மேடையில் பாடிய லூசியா என்னும் பாத்திரத்தின் பாட்டைத் தொடங்கினார். பாதியிலேயே குரல் உடைந்தது.

கார்சியா ஒளிவு மறைவின்றித் தம் கருத்தைக் கூறினார். கற்பிப்பதற்கு அவரிடம் குரல் என்று ஒன்று எஞ்சியிருக்கவில்லை என்பதே அது. ஜென்னி கண்ணீர் விட்டார். என்ன செய்யலாம் என்று மன்றாடினார். சில வாரங்கள் ஒரு வரிகூடப் பாடக் கூடாது, பேச்சையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும், அதன் பின் வந்தால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசிரியர் விடை கொடுத்தார். பாடுவதையன்றி வேறு தொழில் அறியாத ஒருவர், அயல்நகரில், வாய் மூடிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்நிலைக்கு அவர் எவ்வாறு வந்தார் என்பதை அறிய அவரது சிறுவயதைப் பார்க்க வேண்டும்.

ஜென்னி லிண்ட் 1820-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. தாய் வீட்டிலேயே சிறுமியர்க்கான பள்ளி ஒன்றை நடத்திப் பொருள் ஈட்டினார். ஒன்பது வயதில் ஜென்னி சன்னலோரம் அமர்ந்து தம் பூனைக்குப் பாடிக்கொண்டிருப்பது வழக்கம். தெருவில் சென்ற ஒரு பணிப்பெண் அதைக் கேட்டார். அவர் அரச நாடக அரங்கின் நடனக் கலைஞர் ஒருவரிடம் வேலை செய்தவர். அவர் வீட்டுக்குச் சென்று சொல்ல, நடனக் கலைஞர் சிறுமியை அழைத்துப் பாடக் கேட்டார். இக்குழந்தையை மேடைக்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்று தாயிடம் வற்புறுத்தினார். தாய்க்கு நாடக மேடை என்றாலே பிடிக்காது. பாட்டு மட்டும் கற்கட்டும் என்று இறங்கிவந்தார்.

அரங்கின் பாட்டாசிரியர் சிறுமியை அரங்கத் தலைவரிடம் அழைத்துச் சென்றார். ஒன்பதே வயது என்றதும் தலைவர் முகம் சுளித்தாராம். இது அரசரின் நாடக அரங்கு, குழந்தை வளர்க்கும் இடம் அன்று என்றாராம். பாடக் கேட்டபின் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அரங்கின் செலவிலேயே அவருக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடாயிற்று. அதற்கு ஈடாக அவர் அரங்குக்கு உழைக்க வேண்டும். பத்து வயது முதலே ஜென்னி மேடை ஏறினார். பன்னிரண்டு வயதளவில் குரல் ஒருமுறை தடுமாறியது. சிறிது காலம் பாடுவதை நிறுத்த நேர்ந்தது. சிறுவர்க்குக் குரல் உடையும் பருவத்தைத் தமிழில் மகரக்கட்டு என்பர். சிறுமியர்க்கும் அவ்வயதில் குரல் மாறும். அம்மாற்றம் வெளியே அவ்வளவாகத் தெரியாது, அவ்வளவுதான். ஜென்னிக்குக் குரல் மீண்டது. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

1838-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், வேபர் இயற்றிய ஆப்பெரா ஒன்றில் அகாத்தே என்னும் தலைவி பாத்திரம் ஏற்றுப் பாடினார். அப்போது வயது பதினேழு. அன்று காலையில் எழுந்தவரும் இரவில் உறங்கச் சென்றவரும் வேறு வேறு ஆள் என்று பிற்காலத்தில் அவர் கருதினார். தம் ஆற்றலைத் தாமே கண்டுகொண்ட அந்நாளை இரண்டாம் பிறந்தநாளாக ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

அதன் பிறகு ஓய்வு இல்லை. மூன்று ஆண்டுகள் கடினமான பாத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார். பாரிசுக்குச் சென்று கற்பதற்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று ஸ்வீடனின் சிற்றூர்களுக்கெல்லாம் பயணம் செய்து பாடினார். குரலைச் செம்மை செய்யும் பயிற்சிக்குப் பணம் திரட்டப்போய் அக்குரலையே தேய்த்துக்கொண்டார் என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

குரல் தேய்வது எப்படி? நம் தொண்டையில் குரல்வளைக்குள்ளே குரல்நாண்கள் என்னும் இரு மெல்லிய மடிப்புகள் உள்ளன. நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றின் இடையே செல்லும்போது, அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிந்து அதிர்கின்றன. அவ்வதிர்வே குரலாகிறது. பெண்களுக்கு இம்மடிப்புகள் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே இருக்கும். சோப்ரானோ ஒருவர் தம் உச்சத் தாயியில் பாடும்போது அவை நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் அதிர்கின்றன. மூச்சின் வலிமையைக் கொண்டு பாடாமல் தொண்டையை இறுக்கிப் பாடினால், ஒவ்வொரு மோதலிலும் அம்மெல்லிய தசை சிறிது சிறிதாகப் புண்படும், தடிக்கும். அப்போது குரல் கரகரக்கும். சில சுரங்கள் எழவே எழா. வீணையின் நரம்பு அறுந்தால் புது நரம்பு கட்டலாம். இதற்கு மாற்று இல்லை. புண்பட்ட குரலுக்கு ஓய்வு வேண்டும்.

ஜென்னியின் குறை, குரல் இல்லாமை அன்று; மூச்சை ஆளத் தெரியாமை. இயல்பாய் வந்த வளத்தை எப்படியோ பாடித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது கார்சியா குரலில் சிறிது தெளிவைக் கண்டு அவரை மாணவியாக ஏற்றார். வாரம் இருமுறை பாடம். தலைவிப் பாத்திரங்களைப் பாடி அரங்கு அதிரக் கைதட்டல் பெற்றவர், ஆரோகண அவரோகணம் போன்ற சுரவரிசைகளை மிக மெதுவாக, மிக மென்மையாக, மேலும் கீழுமாகப் பாடத் தொடங்கினார். எங்கே மூச்சு எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்த மூச்சை எப்படிச் சிக்கனமாக விடுவது என்பனவே பாடம். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருக்கிறது என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு கழிந்தது. அரங்கேற்றம் முடித்த ஒருவரை மறுபடி சரளி வரிசையில் உட்கார வைத்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை, பாட்டு வகுப்புக்குச் செல்லும் மாணவர் எளிதில் உணர்வர்.

கார்சியாவைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர் ஸ்பானியப் பாடகர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் தங்கையும் ஐரோப்பா அறிந்த பாடகர்கள். அவருக்கோ மேடைப்பாட்டு வாய்க்கவில்லை. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டார். குரல் தொண்டைக்குள் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் காண வேண்டும் என்பது அவரது தீராத ஆசை. 1854-ஆம் ஆண்டில், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் வாய்க்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் பாய்ச்சித் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டனில் அறிஞர் கழகமான ராயல் சொசைட்டியில் இதனை அறிவித்தார். குரல்வளையை ஆராயும் மருத்துவமுறை வளர்ந்ததற்கு இதுவே தூண்டுகோலாயிற்று. பாட்டாசிரியர் ஒருவரால் மருத்துவம் பெற்ற நன்மை இது. கார்சியா 101 வயது வரை வாழ்ந்தார்.

1842-ஆம் ஆண்டு ஜென்னி ஸ்டாக்ஹோம் திரும்பி மேடை ஏறினார். உச்சத் தாயியில் குரல் தெளிந்த நீர்போல் ஒலித்தது. நீண்ட மூச்சில், இழைபோல் மெலிந்த ஒலியையும் அரங்கு முழுவதும் கேட்குமாறு நிறுத்த அவரால் முடிந்தது. நடுத் தாயியில் மட்டும் மெல்லிய மங்கல் ஒன்று எஞ்சியிருந்தது என்று கேட்டவர்கள் எழுதினர். பழைய காயத்தின் தழும்பு அது.

அதன்பின் அவரது புகழ் டென்மார்க், செருமனி, ஆஸ்திரியா என நாடு கடந்தது. டென்மார்க்கில் அவர் பாடக் கேட்டவர்களுள் குழந்தைக் கதைகளால் உலகறிந்த ஆன்டர்சன் ஒருவர். அவர் 1843-இல் எழுதிய நைட்டிங்கேல் என்னும் கதையில், சீனப் பேரரசர் உயிருள்ள பறவையின் பாட்டை விட்டுச் சாவி கொடுத்தால் பாடும் பொம்மைப் பறவையில் மயங்குவார். பொம்மை பழுதாகும். பேரரசர் சாகக் கிடக்கும்போது உயிர்ப்பறவை திரும்பி வந்து பாடும். இக்கதைக்கு ஜென்னியின் பாட்டே தூண்டுதல் என்பர். ஸ்வீடன் நாட்டு நைட்டிங்கேல் என்னும் பெயரும் அவருக்கு நிலைத்தது. சரோசினி நாயுடுவுக்கு வழங்கிய இதே அடைமொழியைத் தமிழர் கவிக்குயில் என்று மாற்றிக்கொண்டனர். உண்மையில் நைட்டிங்கேல் குயில் அன்று. இரவிலும் பாடும் இயல்புடைய ஒரு சிறு பறவை. பறவை ஆசிரியரை வைத்துப் பாட்டுக் கற்பதில்லை. பாரிஸ் நகரில் ஓராண்டு சுரவரிசை பாடிய பெண்ணுக்கு அப்பெயர் முழுவதும் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

செருமானிய இசையறிஞர் மெண்டல்சோன் அவருக்கு உற்ற நண்பரானார். எலியா என்னும் தம் பேரிசைப் படைப்பில் சோப்ரானோ பகுதியை ஜென்னியின் குரலை மனத்தில் கொண்டே இயற்றினார். ஆனால், ஜென்னி அதைப் பாடிக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1847-ஆம் ஆண்டு நவம்பரில், 38 வயதிலேயே, மெண்டல்சோன் மறைந்தார். மறு ஆண்டு டிசம்பரில் இலண்டனில் ஜென்னி அதைப் பாடினார். அதில் கிடைத்த தொகை, மெண்டல்சோன் பெயரால் இசை மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் நிதிக்கு முதலாயிற்று. 1856-இல் அதனை முதன்முதலாகப் பெற்றவர் ஆர்தர் சல்லிவன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவர். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற இசையமைப்பாளர் ஆனார்.

இலண்டனில் ஜென்னி முதன்முதலாக ஆப்பெரா பாடியது 1847-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள். விக்டோரியா அரசியார் நேரில் வந்து கேட்டார். நகரமே அவர் பெயரைச் சொல்லியது. அவ்வாண்டு லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட இரயில் எஞ்சின் ஒன்றுக்கும் ஜென்னி லிண்ட் என்றே பெயர் வைத்தனர்! ஆனால், இப்புகழின் நடுவிலேயே, 1849-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், ஆப்பெரா மேடையை விட்டு அவர் விலகினார். அப்போது வயது 28. நாடக மேடை வாழ்க்கை அவருடைய ஆழ்ந்த சமயப்பற்றுக்கு ஒவ்வாததாய் இருந்தது. இனி வேடமின்றி, கச்சேரிகளில் மட்டுமே பாடுவது என முடிவு செய்தார். பலரும் வியந்தனர், சிலர் கடிந்தனர். தம் குரலை எங்கே, எப்போது, எதற்காகப் பயன்படுத்துவது என்பதைத் தாமே முடிவு செய்யும் நிலைக்கு அவர் வந்துவிட்டார் என்பதே இதில் காணத்தக்கது.

1850-இல் நடந்த அமெரிக்கப் பயணம் இதற்குச் சான்று. பார்னம் என்பவர் நியூயார்க்கில் விந்தைப் பொருட்களையும் விந்தை மனிதர்களையும் காட்டிப் பணம் ஈட்டியவர். ஜென்னி பாடி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆயினும், 150 கச்சேரிகளுக்கு, கச்சேரி ஒன்றுக்கு 1,000 டாலர் தருவதாக அழைப்பு விடுத்தார். ஜென்னி ஒரு நிபந்தனை விதித்தார். தமக்கும், உடன்வரும் இசையமைப்பாளருக்கும், பாடகருக்கும் உரிய தொகை முழுவதையும், அதாவது 1,87,500 டாலரையும், முன்கூட்டியே வங்கியில் செலுத்திவிட வேண்டும் என்பதே அது. பார்னம் தம் சொத்துகளை ஈடுவைத்தும் கடன் வாங்கியும் அதைச் செலுத்தினார். ஸ்வீடனில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நிறுவ வேண்டும் என்பது ஜென்னியின் எண்ணம். அதற்காகவே அவர் இப்பயணத்துக்கு இசைந்தார். அறம் செய்ய விரும்புவோர் கணக்குப் பார்க்கமாட்டார் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

செப்டம்பர் 1-ஆம் நாள் கப்பல் நியூயார்க்கை அடைந்தபோது துறைமுகத்தில் பல்லாயிரம் மக்கள் திரண்டிருந்தனர். அவர்களுள் மிகச் சிலரே அவரைப் பற்றி ஓராண்டுக்கு முன் கேள்விப்பட்டிருப்பர். எல்லாம் பார்னமின் விளம்பரம் செய்த வேலை. நுழைவுச் சீட்டுகள் ஏலம் விடப்பட்டன. முதற்சீட்டைத் தொப்பி வணிகர் ஒருவர் 225 டாலருக்கு எடுத்தார். அதனால் அவர் பெயரும் நாடெங்கும் பரவியது. தொப்பி விற்பனையும் பெருகியது. முதற்கச்சேரியில் தமக்குக் கிடைத்த பங்கை ஜென்னி அந்நகர அறநிலையங்களுக்கே கொடுத்துவிட்டார்.

நாள்கள் செல்லச் செல்ல, தம்மைக் காட்சிப்பொருளாக்கும் விளம்பரம் அவருக்குச் சலிப்பை ஏற்படுத்தியது. 93 கச்சேரிகளுக்குப் பின், 1851-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். அதற்குரிய ஈட்டுத்தொகை 32,000 டாலரைத் தயங்காமல் செலுத்தினார். அது போக அவருக்கு எஞ்சியது 1,76,675 டாலர் என்று பார்னமே கணக்கு வெளியிட்டார். பின்னர்ச் சில காலம் பார்னமின் உதவியின்றித் தாமே கச்சேரிகளை நடத்தினார். 1852-இல் பாஸ்டன் நகரில், தமக்குப் பியானோ வாசித்த ஆட்டோ கோல்ட்சுமிட் என்பவரை மணந்து ஐரோப்பா திரும்பினார். ஈட்டிய பொருளில் பெரும்பகுதி அவர் எண்ணியவாறே ஸ்வீடன் நாட்டுக் கல்விக்கும் பிற அறங்களுக்கும் சென்றது.

பின்னாளில் கணவருடனும் மூன்று குழந்தைகளுடனும் இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1883-ஆம் ஆண்டோடு பொதுமேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். அவ்வாண்டில் இலண்டனில் அரச இசைக் கல்லூரி திறக்கப்பட்டபோது, பாட்டுப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கே அவர் வகுத்த பாடத்திட்டம் குறிப்பிடத்தக்கது. பாட்டுக் கற்க வரும் மாணவியர் பாட்டை மட்டும் கற்றால் போதாது; சுரம் பார்த்துப் பாடுதல், பியானோ, இசை இயைபு, சொற்களைத் திருத்தமாக உச்சரித்தல், மேடையில் நிற்கும் முறை ஆகியவற்றோடு அயல்மொழி ஒன்றையேனும் கற்றாக வேண்டும் என்றார். குரல் ஒருமுறை கைவிட்டுப் போனதை அறிந்தவர் வகுத்த திட்டம் அது.

1887-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், மால்வெர்ன் குன்றுகளின் அருகில் இருந்த தம் இல்லத்தில் ஜென்னி லிண்ட் காலமானார். இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. ஸ்வீடன் அரசு 1996-இல் வெளியிட்ட 50 குரோனா பணத்தாளில் அவரது உருவத்தைப் பொறித்தது. ஒலியைப் பதிவு செய்யும் கருவியை எடிசன் 1877-இலேயே உருவாக்கிவிட்டார். எனினும், நாம் இன்று கேட்கத்தக்க வகையில் ஜென்னியின் குரல் எதிலும் பதிவாகவில்லை. அக்குரல் எப்படி இருந்தது என்பதைக் கேட்டவர்கள் எழுதிய சொற்களைக் கொண்டே நாம் அறிகிறோம்.

சொல்லும் பொருளும்

தாயி – குரலின் உயர்வு தாழ்வு நிலை
அறநிலையம் – பொதுமக்களுக்கு உதவும் தொண்டு நிறுவனம்
ஈட்டுத்தொகை – இழப்பை ஈடுசெய்யத் தரும் பணம்
இயைபு – பல சுரங்கள் பொருந்தி ஒலித்தல்

பயிற்சி

1. கார்சியா ஜென்னியை முதலில் மாணவியாக ஏற்காதது ஏன்? அவர் கூறிய வழி யாது?
2. குரல்நாண்கள் எவ்வாறு குரலை எழுப்புகின்றன? அவை புண்படுவது எதனால்?
3. பார்னமிடம் ஜென்னி விதித்த நிபந்தனை யாது? நீங்கள் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன நிபந்தனை விதித்திருப்பீர்கள்?
4. ஜென்னியை நைட்டிங்கேல் என்று அழைப்பது பொருத்தமா? பாடத்திலிருந்து காரணம் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் பாடும் தாலாட்டையோ நாட்டுப்புறப் பாடலையோ கேட்டு, அவரது குரல் எப்படி இருக்கிறது என்பதை, அதைக் கேளாத ஒருவருக்குப் புரியுமாறு பத்து வரிகளில் விவரித்து எழுதுக.